உரலில் நுணுக்கிய மருந்து

எனக்குக் கணையம் கெட்டுவிட்டது. சோற்றைச் செரிக்க வைக்கும் சாறு அதில் சரியாகச் சுரப்பதில்லை. அந்தச் சாற்றுக்குப் பதிலாகத்தான், சாப்பாட்டோடு விழுங்கச் சொல்லி நாமக்கல் டாக்டர் கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். பெரிய கேப்ஸ்யூல். முதல் நாளே தொண்டையில் சிக்கிக் குமட்டியது.

என் மனைவி ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே சாமை மாதிரி பொடி உருண்டைகள்.

"செரிமானமே இல்லாத ஆளுக்கு உருண்டையாக் குடுத்தா, அதும் அப்படியேதானுங்க வெளிய போகும்" என்றாள். மிளகு தட்டும் குட்டி உரலில் நுணுக்கி, சூடான கஞ்சியில் கலக்கிக் கொடுத்தாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கொஞ்ச நாளில் நாக்கும் உதடும் புண்ணாயின. பேதி நிற்கவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. நோய் வாய் வரைக்கும் வந்துவிட்டது, இனி அதிக நாள் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பயமா என்றால் இல்லை. மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். மழை பிடித்ததும் வழக்கமாக மிளகுக் கொடி நட வருபவர் வந்து கேட்டார். "இந்த வருசம் வேண்டாமுங்க" என்று அனுப்பிவிட்டேன். கொடி காய்க்க மூன்று வருடமாகும். யார் இருந்து பறிப்பது?

அடுத்த முறை போனபோது டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மருந்தை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். உரல் விஷயத்தை மனைவி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"நுணுக்கக் கூடாதும்மா. அது சோத்தைக் கரைக்கிற மருந்து, வாயில தங்குனா வாயையே புண்ணாக்கிரும். மேல்பூச்சு ஒடைஞ்சா மிச்சமும் வயித்துப் புளிப்புல வீணாப் போயிரும். அப்புறம் ஒடம்பு எப்படித் தேறும்?"

சின்ன கேப்ஸ்யூலாக மாற்றி எழுதினார். சாப்பாட்டுக்கு நடுவே, முழுசாக, தண்ணீரோடு. வயிறு வலித்தாலோ மலம் இறுகினாலோ நாங்களாக ஒன்றும் செய்யாமல் வந்து சொல்ல வேண்டும் என்றார்.

"வாயில புண்ணுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றாள் மனைவி பஸ்ஸில். சந்தோஷம் வர வேண்டிய நேரம். எனக்கு ஒன்றுமே வரவில்லை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புண் ஆறியது. ஒரு நாள் ரசத்தில் இருந்த மிளகு நாக்கில் சுரீரென்று உறைத்தது. சாப்பிட்டு முடித்துக் கத்தியை எடுத்தேன்.

"எங்கீங்க?"

"நடறதுக்குக் கொடி வெட்ட."

"இந்த வருசம் வேண்டாம்னு சொன்னீங்களாமே."

"இப்ப நட்டா மூணு வருசத்துல காய்க்கும்" என்றேன்.

நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. உரலைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.