நான்காவது பெயருக்கு ஒரு திதி

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, நினைவுக்கல்லின் மேல் யாரோ கட்டித் துவைத்துக் காயப் போட்டிருந்த நீலச் சாரம். அதை மடித்து வாசிகசாலை மதிலில் வைத்துவிட்டு, கல்லில் இருந்த பெயர்களைக் கொப்பியில் எழுதினேன். ஏழு பெயர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து திரும்பி வராத எங்கள் ஊர்க்காரர்கள். முதலெழுத்தும் பெயரும் மட்டும், இறந்த நாளின் திகதி இல்லை. கரவெட்டிப் பக்கத்தில் இப்படி ஒரு கல் இருப்பதே பலருக்குத் தெரியாது. வாசிகசாலையின் ஆண்டு மலருக்கு அந்த ஏழு பேரைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்கு ஒரு மாத வேலை என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் 'கல்வெட்டு' என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். படம், வம்சவரிசை, இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா எல்லாம் அதில் இருக்கும். போருக்குப் போனவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. அவர்களின் தம்பி தங்கைகளின் கல்வெட்டுகளில் 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்குப் பின்னால் அவர்கள் பெயர் வரும். வீடு வீடாக வாங்கிப் படித்தேன். அப்படித்தான் நான்காவது பெயருக்கு ஒரு மகள் இருப்பது தெரிந்தது. எண்பத்தைந்து வயது. தகப்பன் கப்பலேறியபோது தவழ்ந்துகொண்டிருந்தவர். கார்த்திகையில் அவரைப் போய்ப் பார்த்தேன்.

“தந்தி வந்தது தம்பி. அம்மா வாசிக்கக் கேட்டிட்டு, பொய் எண்டு சொல்லி அடுப்புக்கை போட்டிட்டா. பத்து வருசம் கழிச்சுத்தான் பொட்டை அழிச்சவ.”

திகதி அடுப்போடு போயிற்று. தகப்பனை இழந்த எல்லோரும் விரதமிருக்கும் ஆடி அமாவாசையன்றுதான் அவரும் இருந்துவந்தார்.

“அது ஊருக்கே பொதுவான நாள். எங்கடை அப்புவுக்கெண்டு ஒரு திதி வேணும். அண்டைக்கு விரதம் பிடிச்சு, ஐயருக்கு அரிசி காய்கறி குடுக்கோணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

“ரெண்டு கிழமையிலை சொல்லுறன் அக்கா,” என்றேன்.

போர்க் கல்லறைகளின் பதிவேடு இணையத்தில் கிடைக்கிறது. அன்று பின்னேரமே தேடினேன். அதே முதலெழுத்தும் அதே பெயரும் இரண்டு பேருக்கு இருந்தன. ஒருவர் எகிப்தில், மற்றவர் பர்மாவில். ஊர் விபரம் இருவருக்கும் இல்லை. கோயில் ஐயர் இரண்டு திகதிகளுக்கும் திதி பார்த்துத் தந்தார். எகிப்துக்காரருக்கு மாசி மாதம், பர்மாக்காரருக்குப் புரட்டாசி. கொப்பியில் எழுதினேன். அந்த அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டாவது ஆதாரம் இல்லாமல் திகதி போடக்கூடாது என்றே வேலை பழகியிருந்தேன்.

இரண்டு வாரம் என்றது இரண்டு மாதமாகி, தை மாதம் திரும்பவும் போனேன்.

“என்ன தம்பி, உந்த ரெண்டு கிழமை இன்னும் முடியேல்லையோ?”

“கொஞ்சம் உறுதிப்படுத்த வேணும் அக்கா.”

“உங்கடை பேப்பரிலை மரண அறிவித்தல் மட்டும் உடனை வரும். மற்றதெல்லாம் உப்பிடித்தான்.”

தேத்தண்ணியோடு வந்த அவருடைய மகள் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கொப்பி என் மடியில் இருந்தது.

மாசித் திதி வந்து போனது. சித்திரைக் கடைசியில் அக்கா இறந்தார். நாலு நாள் காய்ச்சல்.

செத்த வீட்டில் அவருடைய மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப ரெண்டு திதி கையிலை இருந்ததோ, அண்ணை?”

“ஓம். எது சரியெண்டு தெரியேல்லை.”

“ரெண்டையும் சொல்லியிருக்கலாமே. அம்மா ரெண்டு நாளும் விரதம் பிடிச்சிருப்பா. ஒரு நாள் பட்டினி கிடந்தா என்ன, ரெண்டு நாள் கிடந்தா என்ன, அவவுக்கு?”

அத்தனை மாதத்தில் அந்த யோசனை எனக்கு ஒரு தரமும் வரவில்லை. செய்திக்கு ஒரு திகதிதான் இருக்கலாம். விரதத்துக்கு அப்படியொரு விதி இல்லை.

ஆதாரம் வைகாசியில் கிடைத்தது. தொண்டைமானாற்றில் ஒரு வீட்டில், அந்த வீட்டுப் பெரியவரின் பழைய கல்வெட்டில், 'பர்மாவில் உயிர்நீத்த தமையனார்' என்று அதே பெயர் இருந்தது. ஆகவே எங்கள் ஊர்க்காரர் எகிப்தில் இறந்தவர். திதி மாசியில்.

அங்கிருந்து நேரே மகளின் வீட்டுக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. முற்றத்தில் பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதை மகள் நின்றபடியே கேட்டார். பிறகு உள்ளே போய்த் தாயின் கல்வெட்டில் ஒரு பிரதி கொண்டுவந்து தந்தார்.

வம்சவரிசைப் பக்கத்தில், கப்பலேறிய தகப்பனின் பெயருக்குக் கீழே 'திதி: ஆடி அமாவாசை' என்று இருந்தது. முந்நூறு பிரதிகள் அச்சடித்திருந்தார்கள்.