இடுப்புப் பையில் குத்திய பேட்ஜ்

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் ஒரு சிறிய ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த அறைக் கதவில் ஈயத் தகடு உண்டு. வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு உண்டு. இதெல்லாம் எங்கள் முதலாளியின் தாராள மனசால் வந்ததில்லை. அரசாங்கத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் கேட்டதால் வந்தது. அங்கிருந்து ஓர் அதிகாரி அவ்வப்போது மீட்டரோடு வந்து கதவிடுக்கு, பக்கத்து மளிகைக் கடைச் சுவர், ஜனங்கள் காத்திருக்கும் பெஞ்சு என்று ஒவ்வோர் இடமாக அளந்து பார்ப்பார். பெஞ்சில் இருப்பவர்கள் ஏதோ நிலம் அளக்க வந்த ஆள் என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள்.

அந்த அலுவலகத்தின் விதிகளில் இரண்டு என் மேல் ஒட்டிக்கொண்டவை. ஒன்று, வருகிற பெண் கர்ப்பமா என்று கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இன்னொன்று, எக்ஸ்ரே எடுப்பவள் கர்ப்பமானால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவளுக்கு வேலையை மாற்றித் தருவார்கள்.

கர்ப்பமா என்று நேராகக் கேட்டால் பாதிப் பேர் வெட்கத்தில் இல்லை என்றுவிடுவார்கள். அதனால், "தலைக்குக் குளிச்சு எத்தினி நாளாச்சு?" என்றுதான் கேட்பேன். சிலர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, முகம் மாறி என்னைப் பார்ப்பார்கள். அந்த முகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதைப் பார்க்கும்போது வயிறும் எரியும். மறைப்பானேன், பொறாமைதான்.

இரண்டாவது விதி கேட்கிற கடிதத்தைக் கல்யாணமான வருடமே மனதுக்குள் எழுதிவிட்டேன். இரண்டே வரி. பதினோரு வருடமாக அதில் வார்த்தைகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர்கள் எங்கள் இரண்டு பேரிடமும் குறை இல்லை என்றுவிட்டார்கள். என் மாமியார் ஒப்பவில்லை. "அந்த மெஷின்தான்டி உன் வயித்தக் கருக்குது" என்பார். என்னிடம் பதில் இருந்தது. எங்கள் மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று காட்ட ஒரு பேட்ஜ் தந்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை அதை அனுப்பி வைத்தால் அளந்து எழுதி அனுப்புவார்கள். எனக்கு எப்போதும் பூஜ்யம்தான். அந்தத் தாளின் நகலைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பேன். என் வீட்டுக்காரர் தாளை நம்பினார். அவர் அம்மா தன்னை நம்பினார்.

ஒரு கோடையில் உப்பளத்திலிருந்து நேராக ஓர் அம்மா வந்தார். கூடை சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், உப்பு வாரும் பெண்கள் எல்லோரும் போடுவது போல. சட்டை முழுக்க உப்பு காய்ந்து மொரமொரவென்று நின்றது. அதோடு எடுத்தால் படத்தில் பொட்டுப் பொட்டாக விழும் என்று கழற்றச் சொன்னேன். மாற்றுக் கவுன் சலவைக்குப் போயிருந்தது.

"சட்டை இல்லாம எப்பிடிம்மா படுக்கறது?" என்று கூச்சப்பட்டார். என் கேள்வியைக் கேட்டேன். "எனக்கு எல்லாம் நின்னுபோச்சி. உனுக்கு எத்தினி புள்ளைங்க?" என்றார்.

பேச்சை முடித்தால் போதும் என்று இருந்தது. என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். படத்தின் ஓரத்தில் ஏதோ நிழல் தெரிந்தது. சேலைக் கொசுவத்து ஊக்கு என்று விட்டுவிட்டேன். முதுகெலும்பு தெளிவாக இருந்தது. வெளியே கூட்டம் நின்றது.

அடுத்த தாளில் பூஜ்யம் இல்லை. ஓர் எண் இருந்தது. காரணம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதமும், அதிகாரி நேரில் வருவதாகத் தகவலும் வந்தன.

என் வீட்டுக்காரர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு, "வேலைய வுட்டுடறியா?" என்றார். அவர் குரலில் பயத்தை விட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. எனக்கும் அதுதான். பயம் வந்திருக்க வேண்டும், வந்தது சந்தோஷம். படித்தவள் நான். அந்த எண்ணுக்கெல்லாம் யார் வயிறும் கருகாது என்று தெரியும். தெரிந்ததெல்லாம் எங்கே போனதோ, அந்த வாரம் முழுக்க நானும் மாமியார் கட்சிதான். காரணம் கிடைத்துவிட்டது, இனி மெஷினை விட்டால் போதும், பிள்ளை வந்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பழைய தாள்களை எல்லாம் எடுத்துவிட்டேன். சின்னச் சட்டைகள் தொங்கும் கடை முன்னால் பஸ் நின்றபோது தலையைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தேன்.

அதிகாரி வந்தார். அதே மீட்டர், அதே பொறுமை. சுவர், கதவு, தடுப்பு எல்லாம் அளந்தார். எங்கும் கசிவில்லை. "பேட்ஜ எங்கம்மா குத்துவீங்க?" என்றார். மார்பில் குத்தினால் தாலிச் சரட்டில் மாட்டுகிறது என்று கோட்டின் இடுப்புப் பையில் குத்துவேன் என்றேன். முகம் சுளித்தார். "கோட்ட யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் காய்ந்த சட்டையின் உப்பு வாசம் ஞாபகம் வந்தது.

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தோம். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் என் பேட்ஜுக்குள் இருக்கும் மூன்று சின்ன வட்டமும் அதன் கிளிப்பும் தெளிவாக இருந்தன.

"உங்க மேல ஒண்ணும் படலம்மா. பேட்ஜ் மேலதான் பட்டிருக்குது. நிம்மதியா இருங்க" என்றார்.

நான் அழுதேன். நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்து டீ சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். எண் பொய்யாகிவிட்டதென்று ஒருத்தி அழுவாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கையில் வந்த காரணம் போய்விட்டது. விட்டுவிட வேண்டிய மெஷின் இல்லை, காத்திருப்பதைத் தவிர செய்வதற்கு எதுவும் இல்லை.

"நடந்தத எழுதிக் குடுங்க. ரெண்டு வரி போதும்" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

அந்த அலுவலகத்துக்கு நான் எழுதும் முதல் கடிதம். ஐயா, வணக்கம் என்று எழுதினேன். தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்று எழுதினேன். அதுவரைக்கும் இரண்டு கடிதமும் ஒன்றுதான். பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாகவே அடுத்த சொல்லை எழுதிவிட்டது: நான் கர்ப்பமாக.

அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னொரு தாள் கேட்டேன்.