ஆமென் வரைக்கும்

ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அலுவலகம் போய் ஆறு மணிக்குத் திரும்பினேன். ஏழரைக்குப் பாயை விரித்து, மனைவியும் நானும் ஒன்பது வயது மகளும் குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிட்டோம்.

எங்கள் வீட்டில் ஆமென் சொல்லும்வரை யாரும் அசைவதில்லை. அடுப்பில் பால் பொங்கட்டும், வாசலில் ஆள் கூப்பிடட்டும், அசையமாட்டோம். எனக்கு முட்டுவலி உண்டு, காட்டிக்கொள்வதில்லை. மகள் சின்னதிலிருந்தே விரலிடுக்கு வழியாக இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள். கோவில் ஆராதனையில் அவள் பொறுமையை யாராவது மெச்சினால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அன்று முதலில் என் மச்சினியின் பிரசவத்துக்காக ஜெபித்தேன். பிறகு மழைக்காக, அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்காக, நாட்டுக்காக. ஆமென் சொன்னதும் மகள் கையை நீட்டினாள். மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

“அப்பா, தேள் கொட்டிட்டு.”

பாயோரம் சிவப்பாக ஒன்று ஓடியது. செருப்பால் அடித்தேன்.

“எப்பம்ட்டி?” என்றாள் மனைவி.

“சித்திக்கு ஜெபம் பண்ணும்போது.”

“அப்பமே கத்தக் கூடாதா?”

“நீங்க யாரும் அசையலியே.”

ஆஸ்பத்திரியில், கொட்டி எவ்வளவு நேரம் ஆகிறது என்று டாக்டர் கேட்டார். என் ஜெபத்தின் நீளத்தைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டியிருந்தது. “இன்னும் சீக்கிரம் வந்திருக்கணும்” என்றார்.

“வலிக்காம்மா?” என்று நர்ஸ் கேட்டதற்கு, “லேசா” என்றாள். முட்டுவலியைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்கிற வார்த்தை அது. நெற்றியெல்லாம் வேர்வை, தாடை நடுங்கியது.

“அழு மக்கா. அழுதாத்தான எங்களுக்குத் தெரியும்?” என்றார் நர்ஸ்.

அவள் என்னைப் பார்த்தாள். “அழும்மா” என்று நானும் சொன்னேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர அழவில்லை. உதட்டைக் கடிப்பதும் என்னிடமிருந்து வந்ததுதான். ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து ஏற்றினார்கள். இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருப்பது தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

விடிந்தபோது காய்ச்சல் இல்லை, வீக்கம் அப்படியே இருந்தது. இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அதற்கடுத்த நாள் காலை முதல் வேலையாக அவள் கட்டிலருகே முழங்காலிட்டேன். ஜெபத்தின் நடுவில், அவள் காதில் விழும்படியே, “ஐயோ, முட்டு வலிக்கே!” என்றேன்.

மூடிய கண்ணைத் திறக்காமல் அவள் சொன்னாள்: “பொறுங்கப்பா. இன்னும் ஆமென் சொல்லலியே.”