இரண்டு கரைக்கும் ஒரே கை

வூ தாங்ஷுன் பிறந்தது கவ்லானில். பெண் எடுத்தது ஆற்றுக்கு அக்கரையில், பிங்லியுவில். இரண்டு ஊருக்கும் லூஷெங் என்னும் மூங்கில் ஊதுகுழல் செய்பவர் அவரே. அறுவடை முடிந்து சா அம்மனுக்குப் புதுச்சோறு படைத்த மறுநாள், ஆளுயர மூங்கில் குழல்களோடு இரண்டு ஊரும் எதிரெதிரே நின்று ஊதும். நடுவர்கள் தொலைவில் மலையுச்சியில் இருப்பார்கள். எந்த ஊர்ச் சத்தம் அங்கே ஓங்கி எட்டுகிறதோ அந்த ஊருக்கு வெற்றி.

குழலுக்குள் அதிர்ந்து ஒலி தரும் செப்பு நாக்கில் நல்லதை மாமியார் ஊருக்கு வைக்கிறார் என்றது கவ்லான். சொந்த ரத்தத்தை விடுவாரா என்றது பிங்லியு. ஆனாலும் இரண்டு ஊரும் வேறு ஆளைத் தேடவில்லை. வஞ்சகன் என்றே வைத்துக்கொண்டாலும், அவரை எதிரிக்கு மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா?

இந்த ஆண்டு கவ்லான் குழுத்தலைவன் கென்லாவ் பட்டறையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டான்.

"இந்தச் செப்பு நாக்கு யாருக்குண்ணே?"

"ரெண்டு ஊருக்கும் ஒரே தகடுதான்டா."

"அது தெரியுது. எங்களுக்கு வெட்டும்போது மட்டும் ஏன் இருமினீங்க?"

"அப்ப ரெண்டு ஊரும் குழல மாத்திக்குங்க."

"நாங்க மாத்திக்கணும்னுதான் பாக்குறீங்களோ?" கென்லாவ் எழுந்தான். "இந்தத் தடவையும் தோத்தா, அம்மன் முன்னாடி நீங்க பெரிய குழல் தூக்க வேணாம்ணே."

கவ்லானுக்காகத் தாங்ஷுன் இருபத்திரண்டு வருடங்களாகத் தூக்கிவந்த குழல் அது.

கவ்லான் தோற்றது.

மறுநாள் காலை புளிக்கவைத்த மீனைப் பரிமாறிக்கொண்டே மனைவி நைமெய் சொன்னாள்: "எங்க ஊர்க் குழல் நேத்து கணீர்னு கேட்டுச்சு, இல்ல?"

தாங்ஷுனுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் அவரை உறுத்தியது. ஊரே சந்தேகப்பட்டபோது அசையாதவர், இப்போது தம்மையே சந்தேகப்பட்டார். கவ்லானின் பெரிய குழலைப் பட்டறைக்கு எடுத்துப்போய் மெழுகைச் சுரண்டி, நாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. திரும்ப மெழுகு பூசும்போது வாசலில் கென்லாவ் நின்றான்.

"என்னண்ணே, பிரிச்சுட்டீங்க?"

"குத்தம் ஏதாச்சும் இருக்கான்னு பாத்தேன்."

"இருந்துச்சா?"

"இல்ல."

"ஒழுங்கா செஞ்சவருக்கு அது பிரிச்சாத்தான் தெரியுமா?"

தாங்ஷுன் மிச்ச மெழுகையும் பூசி முடித்தார். என்ன சொன்னாலும் கவ்லானில் அதை யார் நம்பப்போகிறார்கள்?

அடுத்த ஆண்டு அம்மன் முன்னால் பெரிய குழலைத் தூக்கி நின்றவன் கென்லாவ். குழல்களை வழக்கம்போல் தாங்ஷுன்தான் செய்திருந்தார். கவ்லான் வென்றது. அன்று மாலை பிங்லியுவிலிருந்து வந்த மச்சான் வாசலிலேயே நின்று, "நல்லாருக்கு மாப்ளே, ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, கை நனைக்காமல் திரும்பிப் போனார்.