செவ்வாய்க்கிழமையே தெரிந்த தப்பு

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் லெக்சரராகச் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பாதியில் விட்டுவிட்டு ஓடக் கூடாதாம். "அரியலூர்லேருந்து ஒரே பஸ்ஸு, வாத்தியார் வேலை, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் அப்பா. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் அந்த பஸ்ஸில், ரிடையர் ஆகும் வரை இதே ஜன்னல்தானா என்று தினமும் நினைப்பேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்காருவேன். ஒரு கோப்பை யார், எப்போது, எப்படித் திருத்தினார்கள் என்று பழைய நிலை ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை, எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, தானாக ஓடும் சோதனைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இதைச் செய்தால் இந்த விடை வர வேண்டும், வராவிட்டால் ஃபெயில். யாராவது அந்தச் சோதனைகளை மாற்றினால், மாற்றம் சரியா என்று படித்து ஒப்புதல் தருவது என் பொறுப்பு. யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால் என் தலையில் விழுந்திருந்தது.

அந்தக் குழுவில் பெங்களூர்க்காரர் ஒருவர் இருந்தார். தன் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், சேருவதற்கு சர்டிபிகேட் ஜெராக்ஸ் போதும் என்று 2006இல் எழுதினார். வெள்ளிக்கிழமை போனில் இண்டர்வியூ. எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை லேபில் ரெக்கார்டு நோட்டுகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வலது பக்கம் புரோகிராம், இடது பக்கம் அவுட்புட். திரையில் என்ன வந்ததோ அதை அப்படியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிவிடுவார்கள். நாங்களும் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சிவப்பு மையில் கிறுக்குவோம். ஒரு பெண்ணின் நோட்டில் மூன்று எண்களின் சராசரி, அந்த மூன்றையும் விடப் பெரிதாக இருந்தது.

"இது எப்படிம்மா வரும்?"

"ரன் ஆச்சுங்க மேடம்" என்றாள்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். போன வாரம் முப்பது சோதனைகளைத் திருத்தி ஒருவர் அனுப்பியிருந்தார். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில், எல்லாம் பாஸ் ஆகிறது, விடைகளும் இருக்கின்றன என்று ஒப்புதல் தந்துவிட்டேன். அந்த விடைகளை யோசித்து எழுதினாரா, மென்பொருளை ஓடவிட்டு வந்ததை ஒட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தார். இரண்டு பேருடைய திருத்தங்களைச் சேர்க்கும்போது, பெயர் மாற்றிய கோப்பு ஒன்று காணாமல் போகிறது. அவர் ஒட்டிய விடையிலும் அந்தக் கோப்பு இல்லை. அதனால் சோதனை பாஸ். ஞாயிற்றுக்கிழமையே அந்தத் தப்போடு மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியாகியிருந்தது.

உடனே எல்லோருக்கும் மெயில் போட வேண்டும். பாதி எழுதினேன். வெள்ளிக்கிழமை இண்டர்வியூ முடியட்டும், மூன்று நாளில் குடியா முழுகிவிடும் என்று அழித்துவிட்டு பஸ் ஏறினேன். புதன்கிழமை சென்டர் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை போனபோது, எங்கோ ஓர் ஆராய்ச்சி மாணவர் குழுவுக்குப் புலம்பி எழுதியிருந்தார். புதன்கிழமை முழுக்க எழுதிய ஆய்வேட்டு அத்தியாயம், புதுப் பதிப்பில் திருத்தங்களைச் சேர்த்ததும் காணவில்லையாம். அதன் கீழே பெங்களூர்க்காரரின் பதில்: சோதனையைப் பார்த்தவர் மேல் தப்பில்லை, யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவசரமாகத் தட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது, நான்தான் சரியாகப் பார்க்காமல் ஒப்புதல் தந்தேன் என்று எழுதினேன். எப்போது தெரிந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

மறுநாள் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் நின்று போனில் பேசினேன். மறுமுனையில் பெங்களூர்க்காரரும் இருந்தார்.

"நீங்களே ஒத்துக்கிட்டது பெரிய விஷயங்க. அதை எப்பக் கவனிச்சீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நேத்து மெயிலப் பாத்தப்பதான் சார்."

வேலை கிடைத்தது. மூன்று வருடம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக யார் சேர்ந்தாலும் என்னிடம் கூட்டி வருவார். "தப்பு நடந்தா ஒரு நிமிஷங்கூட மறைக்க மாட்டாங்க. இவங்களப் பாத்துக் கத்துக்கங்க" என்பார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.