வெயிலில் வைத்த பலகை

மருமகள் காய் நறுக்கும் மரப்பலகையைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கழுவி, வெயிலில் வைத்திருந்தாள். பட்டென்று ஒரு சத்தம். பலகை நடுவில் பிளந்து கிடந்தது. 

அந்தச் சத்தத்தை ஒன்பது வயதில் கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குத் திண்டிவனத்தில் கறிக்கடை. கறி வெட்டும் புளியமரக் கட்டையில் அவர் தண்ணீர் பட விடமாட்டார். கத்தியால் சுரண்டி, கல்லுப்பு தேய்த்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி வைப்பார். அவர் ஆடு வாங்க மேல்மலையனூர் பக்கம் போயிருந்தபோது, நான் அதைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வெயிலில் உருட்டி வைத்தேன். மறுநாள் மத்தியானம் வெடித்தது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்.

அப்பா வந்து விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“எவ கழுவுனது இத?”

“நான்தாங்க. ஈ மொய்ச்சிக்கினு கெடந்துது,” என்றாள் அம்மா.

அறை விழுந்தது. அதுவரை அவர் அம்மாவை அடித்து நான் பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டாள்.

இப்போது, பலகை பிளந்த சத்தம் கேட்டு மகன் வெளியே வந்தான். பலகை அவன் ஆசையாக வாங்கியது.

“யாரு வேல இது?”

மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“நான்தாண்டா,” என்றேன்.

“ஏம்மா, சும்மா இருக்கமாட்டியா நீ?” என்றான்.

அவன் கை கீழே இறங்கியது. அது மருமகள் பக்கம் ஓங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.