மழபாடி சாமி பேரு

நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் மாணவியானேன். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் பதினைந்து வருடம் வேலை பார்த்த பிறகு, அதே வேலையில் இருந்துகொண்டே, மூளையும் மனமும் சம்பந்தப்பட்ட நரம்பியல் உளவியலில் இரண்டு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூளையில் கோளாறு வந்தால் ஒரு மனிதருக்குள் எது காணாமல் போயிருக்கிறது என்பதை, கேள்வி கேட்டும் படம் காட்டியும் கண்டுபிடிக்கிற வேலை அது. அரியலூரில் என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "இன்னும் என்னத்தப் படிக்கப் போற? கண்ணாடி நம்பர்தான் ஏறும்" என்றார். அதன்படியே ஏறியது.

சனிக்கிழமைதோறும் மேற்பார்வையாளர் மடிக்கணினியில் வருவார். டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவரும் என்னை மேடம் என்பார். நான் அந்த வாரம் பார்த்த நோயாளிகளின் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் குடைவார். எங்களுக்குள் வாராவாரம் ஒரே சண்டைதான். பெயர் சொல்லச் சொல்லிக் காட்டுகிற படங்களில் எஸ்கலேட்டர் ஒன்று உண்டு. குரும்பலூரில் பருத்தி எடுக்கிற அம்மாவிடம் போய் எஸ்கலேட்டரைக் காட்டினால் அவர் என்ன சொல்வார்? நான் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன்.

"சொல்லலைன்னா சொல்லலைன்னு எழுதுங்க மேடம். ஏன் சொல்லலைங்கறதை அப்புறம் யோசிக்கலாம்" என்பார்.

நான் தலையை ஆட்டிவிட்டு, மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். இந்தப் பெண்ணுக்கு எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரியும். அந்தத் திமிர் என்னிடம் நிறையவே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தம்பதி வந்தார்கள். திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரையோரம் விவசாயம். அந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. மூன்று வாரமாக மறதி, பேச்சும் குறைந்துவிட்டது. டாக்டர் என்னிடம் அனுப்பும்போதே, "மனச்சோர்வு மாதிரிதான் தெரியுது. நீங்க பாத்துச் சொல்லுங்க, அத வெச்சு ஸ்கேன் எடுக்கலாமான்னு முடிவு பண்றேன்" என்றார்.

கணவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பையன் துபாய்க்குப் போனதுலேந்து இப்படித்தாங்க டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், திருத்துவதை எப்போதோ விட்டிருந்தேன்.

தலையில் அடி கிடி பட்டதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். இன்று என்ன கிழமை? வெள்ளி என்றார் அந்த அம்மா. காட்டு வேலை செய்கிறவருக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். கடிகாரம் வரையச் சொன்னேன். பேனாவை வாங்கி வட்டம் போலவும் இல்லாமல் கோடு போலவும் இல்லாமல் ஏதோ இழுத்தார். பள்ளிக்கூடமே போகாதவரிடம் கடிகாரம் கேட்பது என் தப்பு என்று அதையும் விட்டேன். அடுத்து, "உங்க வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். புடவைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். என் அம்மாவே சொன்னதில்லை. டெல்லி மேடத்துக்கு இது தெரியுமா? தாளில் முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் 'வழக்கப்படி பெயர் சொல்லவில்லை' என்று அழகாக எழுதினேன். குடும்பத்தார் பெயர்கள் என்று அதற்கடுத்து இருந்த கேள்விகளைக் கேட்கவே இல்லை. மூளையில் பாதிப்புக்கான அறிகுறி தெரியவில்லை, மகனைப் பிரிந்த வருத்தம்தான் என்று அறிக்கை கொடுத்தேன். டாக்டர் மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு அரியலூர் பஸ்ஸில் ஏறினால், முன் இருக்கையில் அவர்கள் இருவரும். கணவர் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். நான் பின்னாலேயே உட்கார்ந்தேன். முன்னால் சிமெண்டு லாரி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் பஸ்ஸும் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. பேச்சோடு பேச்சாக, "உங்க பேரக் கேட்டா வாயே தெறக்கலையே உங்க வீட்டம்மா!" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"சொல்லலையே."

"மழபாடி சாமி பேருன்னு சொல்லுவாளேங்க. போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்பக்கூட நர்ஸம்மாகிட்ட அப்படித்தான் சொன்னா. ரேஷன் கடையானாலும் சரி, பேங்கானாலும் சரி. எங்க கேட்டாலும் டக்குன்னு வந்துடும்."

என் அம்மாவும் அப்படித்தான். அப்பா பெயரைச் சொல்ல மாட்டாள். ஆனால் கேட்டவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் போனதும் இல்லை. ஏதாவது ஒரு சாமியை, ஒரு கிழமையை, எதிர்வீட்டுப் பையனைக் காட்டிச் சொல்லிவிடுவாள். சொல்லாமல் சொல்வதுதான் வழக்கம். வெறும் சிரிப்பு வழக்கம் இல்லை. இது எனக்குத் தெரியாததா?

எழுந்து முன்னால் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் குனிந்தேன். "உங்க பையன் பேரு என்னங்கம்மா?"

பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்ல எந்த வழக்கமும் தடை இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அதே சிரிப்பு.

அடுத்த நிறுத்தத்தில் இருவரையும் இறக்கினேன். ரோட்டோரம் நின்றே டாக்டருக்குப் போன் செய்தேன். "நான் எழுதினது தப்பு சார். ஸ்கேன் எடுக்கணும்" என்றேன். "ரெண்டு மணி நேரத்துல என்னம்மா ஆச்சு?" என்றார். "தப்புன்னா தப்பு சார், திரும்பக் கூட்டிட்டு வரேன்." எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினோம்.

ஸ்கேனில், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே இடதுபக்கம் ரத்தம் கட்டியிருந்தது. திருச்சிக்கு அனுப்ப வேண்டும், உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் கணவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மோட்டார் கொட்டகை வாசலில் நிமிரும்போது, மேல்கட்டையில் அவருடைய மனைவி தலையை இடித்துக்கொண்டாராம். ரத்தம் வரவில்லை. தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அதை யார் அடி என்று சொல்வார்கள்?

ஆம்புலன்ஸ் வரும்வரை கணவர் ஸ்ட்ரெச்சரின் பக்கத்திலேயே நின்றார். "இத்தன நாளும் வெக்கப்படுறான்னுல்ல நெனச்சேன்" என்று என்னிடம் சொன்னார். பிறகு மனைவியின் காதருகே குனிந்து, "புள்ள, ஒரு தடவ எம்பேரச் சொல்லு. பேரச் சொல்லியே கூப்புடு, ஒண்ணும் ஆயிடாது" என்றார். அந்த அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை மேடத்திடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ, "எனக்கு இந்த வழக்கமே தெரியாது மேடம். நானா இருந்தா சொல்லலைன்னுதான் எழுதியிருப்பேன்" என்றார். உண்மைதான். ஒன்றுமே தெரியாத ஒருவர் அன்று என் நாற்காலியில் இருந்திருந்தால், அந்த அம்மாவுக்கு அன்று மத்தியானமே ஸ்கேன் எடுத்திருப்பார்கள். நான் பஸ்ஸில் கிண்டல் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் முழுசாக யோசிப்பதில்லை.

ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். அந்த அம்மாவின் தலையில் முடி குச்சிகுச்சியாக முளைத்திருந்தது. இந்தத் தடவை கணவரை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மேடம் கேட்டால் இதற்கும் சண்டை பிடிப்பார் என்று தெரிந்தே, ஜன்னலோரம் நிற்கச் சொன்னேன்.

கிழமை சரியாகச் சொன்னார். பையன் பெயரைக் கேட்டதும் பட்டென்று சொல்லி, அவன் அனுப்பிய போட்டோ வரைக்கும் போய்விட்டார். கடிகாரம் மட்டும் பழையபடியேதான் இருந்தது. எஸ்கலேட்டரைப் பார்த்து, "மாடிப்படி" என்றார். இந்த முறை இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதினேன்.

கடைசியாக, "வீட்டுக்காரர் பேரு?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

ஜன்னலோரம் நின்றவர் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டார். நான் எடுத்துக்கொடுக்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. காத்திருந்தேன்.

"என்னங்க நீங்க, தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்க" என்றார் அந்த அம்மா, தலைப்புக்குள்ளிருந்தே. "மழபாடி சாமி பேருதான்."

கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.